அந்த 100 கிராம்: மறைத்து எடுத்துச் செல்ல ஒரு சிறு ரிவால்வர்

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் நாங்கள் நடத்தும் மளிகைக் கடையை இரவு பதினொரு மணிக்கு அடைக்கிறோம். கல்லாவை எண்ணி முடித்து, விளக்குகளை அணைத்து, பின்கதவைப் பூட்டிய பிறகு வண்டி நிற்கும் இடம் வரை நாற்பது அடி நடக்க வேண்டும். அந்த நாற்பது அடிக்காகத்தான் நான் கைத்துப்பாக்கி வாங்கத் தீர்மானித்தேன். முதலில் போன துப்பாக்கிக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, “உங்கள் மனைவிக்கு இதுதான் பொருத்தம்” என்று சொல்லி, கடையில் இருப்பதிலேயே சிறியதும் இலேசானதுமான ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தார். 12 அவுன்சுக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ 335 கிராம். ஒரு பெரிய மாம்பழத்தின் கனம்தான் இருந்தது. கையில் எடுத்தவுடன் எனக்கும் பிடித்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அன்றே வாங்கியிருந்தால் இரண்டாம் முறை அதைச் சுட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு எட்டு மாதங்களில் வாடகைக்கும் இரவலுக்குமாக ஏழு சிறு ரிவால்வர்களைச் சுட்டுப் பார்த்து, இரண்டை வாங்கினேன். அந்த அனுபவத்தை, இதே தேடலில் இருக்கும் டெக்சஸ் தமிழர்களுக்கும் பிற மாநிலத்தவருக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

பிஸ்டல் இருக்க ரிவால்வர் எதற்கு என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் கணவர் இடுப்பில் வைத்திருப்பது 2018இல் வந்த சிக் சாவர் பி365. பத்துத் தோட்டா கொள்ளும் அந்தப் பிஸ்டல், ஐந்து தோட்டா கொள்ளும் என் ரிவால்வரைவிட மெல்லியது. எடையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மகள் பிறந்த காலத்தில் தொடங்கிய மணிக்கட்டு வலி எனக்கு இன்னும் போகவில்லை. பிஸ்டலின் மேல் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விடும் வேலை நல்ல நாளில் முடிகிறது, வலி உள்ள நாளில் பாதியில் நின்றுவிடுகிறது. பிடி தளர்ந்திருந்தால் பிஸ்டல் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளக்கூடும், ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மீண்டும் விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை தானாகவே முன்னால் வந்து நிற்கும். மேல்சட்டைப் பைக்குள் இருந்தபடியே சுட நேர்ந்தாலும், வெளிச் சுத்தியல் இல்லாத ரிவால்வர் துணியில் சிக்காமல் ஐந்தையும் சுட்டு முடிக்கும். இவை எனக்குப் போதுமான காரணங்கள். மணிக்கட்டு சரியாக இருந்து, ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும் என்றால், நான் பி365 போன்ற ஒன்றைத்தான் வாங்கச் சொல்வேன்.

சிறு ரிவால்வர் என்று இன்று நாம் சொல்வதன் வடிவம் பெரும்பாலும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. கோல்ட் நிறுவனம் 1927இலேயே இரண்டு அங்குலக் குழலும் ஆறு தோட்டாவும் கொண்ட ‘டிடெக்டிவ் ஸ்பெஷலை’க் கொண்டுவந்திருந்தது. 1950இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில், ஸ்மித் அண்ட் வெஸன் அதைவிடச் சிறியதாக, .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா ஐந்து கொள்ளும் ஒரு ரிவால்வரைக் காட்டியது. அங்கு கூடியிருந்தவர்களே அதற்கு ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்தார்கள். ஜே ஃப்ரேம் என்று இன்றும் வழங்கும் வரிசை அதிலிருந்து தொடங்கியது. நிறுவனத்துக்கு நூறு ஆண்டு நிறைந்த 1952இல், சுத்தியல் முழுவதும் உள்ளே மறைந்த ‘சென்டெனியல்’ வந்தது. அதன் வழியில், அலுமினியச் சட்டமும், தோட்டா அறைகளோடு சுழலும் துருப்பிடிக்காத எஃகு சிலிண்டருமாக 1990இல் வந்த 642 என்ற மாடல்தான் இன்றும் பெரும்பாலான துப்பாக்கிக் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் ரிவால்வர். 2009இல் ரூகர் நிறுவனம் எல்.சி.ஆர். என்ற பெயரில், விசைப்பகுதியைத் தாங்கும் கீழ்ப்பாதியைப் பாலிமர் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்து ஒரு ரிவால்வரை வெளியிட்டது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்த பெரிய மாற்றம் என்று நான் கருதுவது இது ஒன்றைத்தான்.

இனி சுடுதளத்துக்கு வருகிறேன். நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது. ஏழு கஜ தூரத்தில், மூன்றுக்கு ஐந்து அங்குலக் குறிப்பு அட்டை ஒன்றை ஒட்டிவைத்து, விசையை முழுவதும் இழுத்துச் சுடும் முறையில் ஐந்து தோட்டா, பிறகு ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து. ஐம்பது தோட்டா முடியும் வரை என் கை தாங்குகிறதா என்பதையும், கடைசிப் பத்தில் எத்தனை அட்டையில் படுகின்றன என்பதையும் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். தொழில் பழக்கம்.

கடைக்காரர் எனக்குப் பொருத்தம் என்று சொன்ன வகையைச் சேர்ந்த ஒரு ரிவால்வரைத்தான் முதலில் வாடகைக்கு எடுத்தேன். முதல் தோட்டாவில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சவ்வில் யாரோ அளவுகோலால் அடித்ததுபோல் இருந்தது. பதினைந்தாவது தோட்டாவில் தோல் உரிந்துவிட்டது. இருபதுக்கு மேல் நான் சுடவில்லை. அட்டையில் பட்டவை மூன்று. விசையை இழுக்கும்போதே வரப்போகும் உதையை எண்ணிக் கை கீழே இறங்கிவிடுகிறது. குண்டு தரையை நோக்கிப் போகிறது. அன்று வேறொன்றும் நடந்தது. மலிவு விலையில் கிடைத்த ஈயக்குண்டுத் தோட்டாக்களை நான் கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது சுற்றில் சிலிண்டர் பாதியில் நின்று, விசை அசையாமல் போயிற்று. சுடுதளப் பொறுப்பாளர் வந்து, குழலைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி மெல்ல நெம்பித் திறந்து காட்டினார். இன்னும் சுடப்படாத ஒரு தோட்டாவின் குண்டு, முந்தைய உதைகளின் அதிர்ச்சியில் தன் கூட்டிலிருந்து முன்னே நழுவி, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி ஒரு நெல்மணி அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது சட்டத்தில் இடித்ததால் சிலிண்டர் திரும்பவில்லை. வெடிக்காத தோட்டாவைத் தாண்டிப் போகும் ரிவால்வர், இந்தச் சிக்கலைத் தாண்டிப் போகாது. அதைக் கையால் அவசரத்தில் சரிசெய்யவும் முடியாது. துப்பாக்கி எந்த அளவுக்கு இலேசோ அந்த அளவுக்கு இந்த ஆபத்து கூடும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது: ஐந்து தோட்டாவை நிரப்பி, நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை எடுத்து, பெட்டியில் இருக்கும் புதுத் தோட்டாவோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை பாதியானால், கைக்கு வந்து சேரும் உதையின் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே இருப்பதிலேயே இலேசான ரிவால்வர் பழகிய கைகளுக்கு உரியது. நாள் முழுவதும் கணுக்காலிலோ பையிலோ இரண்டாம் துப்பாக்கியாகச் சுமக்கும் காவலருக்கு அது பொருந்தும். அதைப் புதிதாக வருபவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், ‘சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி’ என்று சொல்லித் தள்ளிவிடும் வழக்கம் ஏன் இன்னும் நீடிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து 642. எடை 15 அவுன்சுக்குச் சற்றுக் குறைவு. குழல் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குட்டை. பைக்குள் போட்டால் எங்கும் தொற்றாத, கூழாங்கல் போன்ற வடிவம். இந்த விலையில், ஏறத்தாழ 500 டாலரை ஒட்டி, இதைவிட நன்கு சோதிக்கப்பட்ட துப்பாக்கி வேறு இல்லை என்றே சொல்லலாம். இதற்குக் கிடைக்கும் உறைகளுக்கும் கைப்பிடிகளுக்கும் கணக்கே இல்லை. இரண்டு குறைகள் எனக்குப் பெரிதாகப் பட்டன. முதலாவது விசை. அதை இழுக்க ஏறத்தாழ 12 பவுண்டு அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுகூட இல்லை. இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள்: ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு பலத்தோடு அதன் ஓர் உறுப்பை ஒரே விரலால் இழுக்க வேண்டும். குறி விலகாமல் இருந்தால்தான் வியப்பு. சுருள்வில்லை மாற்றி விசையை இலேசாக்கித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. சுத்தியலின் அடி பலவீனமாகி, தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பை வரவழைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. இரண்டாவது குறிபார்க்கும் அமைப்பு. சட்டத்தின் முதுகில் வெட்டிய ஒரு பள்ளமும், குழலோடு ஒன்றாக வார்த்த வெள்ளி நிற முன்மேடும்தான் வழக்கமான 642இல் இருப்பவை. பகல் வெளிச்சத்தில் பின்னால் வெளிர்நிறச் சுவர் இருந்தால் முன்மேடு கரைந்து காணாமல் போகிறது. இரவல் கொடுத்த தோழியின் 642இல் அந்த மேட்டின்மேல் ஆரஞ்சு நிற நகப்பூச்சு இரண்டு அடுக்குத் தடவியிருந்தாள். அதன் அடியில் வெள்ளை நகப்பூச்சு ஓர் அடுக்கு. ஐந்து டாலர் செலவில் அவ்வளவு பெரிய வேறுபாடு வரும் என்று நான் நம்பியிருக்கவில்லை. 2024இல் லிப்சீஸ் மொத்த விற்பனை நிறுவனத்துக்காக ஸ்மித் அண்ட் வெஸன் வெளியிட்ட ‘அல்டிமேட் கேரி’ வரிசையில் இருளில் ஒளிரும் முன்குறியும், பின்னால் நல்ல அகலமான பள்ளமும், உயரமான கைப்பிடியும் இருக்கின்றன, சாவியால் பூட்டும் உட்பூட்டும் இல்லை. வெறும் 642ஐவிட விலை நன்றாகவே கூடுதல். வசதி இருப்பவர் நகப்பூச்சை விட்டுவிட்டு இதை வாங்கலாம்.

ரூகர் எல்.சி.ஆரின் .38 வடிவம் 13.5 அவுன்சுதான், அதாவது 383 கிராம். 642ஐவிடச் சற்று இலேசானது. ஆனாலும் என் கணக்குப் புத்தகத்தில் அதன் எண்கள் மேலானவை. விசைதான் காரணம். உள்ளே உராய்வைக் குறைக்கும்படி வடிவமைத்த சிறு உறுப்பு ஒன்று இருப்பதால், இழுப்பு தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக வருகிறது, நடுவில் மலை ஏறுவதுபோல் கூடிப் பிறகு விழுவதில்லை. முன்குறி ஓர் ஆணியில் நிற்பதால், வேண்டாம் என்றால் கழற்றி வேறு பொருத்திக்கொள்ளலாம். ஹோக் நிறுவனத்தின் ரப்பர் கைப்பிடி உள்ளங்கைக்குப் பஞ்சுபோல் இருக்கும், ஆனால் அதே ரப்பர் பருத்தித் துணியைப் பற்றிக்கொண்டு விடாது. அழகில்லை என்பார்கள், பாதி அலுமினியமும் பாதி பாலிமருமாக அது ஒரு குழாய்க் கருவிபோல் தோன்றுவது உண்மைதான். சிலிண்டரைத் திறக்க 642இல் கட்டையை முன்னே தள்ள வேண்டும், எல்.சி.ஆரில் பொத்தானை உள்ளே அமுக்க வேண்டும், கோல்ட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒன்றில் பழகிய கட்டைவிரல் மற்றொன்றில் தடுமாறும் என்பதால், வீட்டில் இரண்டு ரிவால்வர் இருந்தால் இரண்டும் ஒரே நிறுவனத்தினதாக இருப்பது நல்லது.

இப்போது தலைப்பில் சொன்ன 100 கிராமுக்கு வருகிறேன். அதே எல்.சி.ஆரை .357 மேக்னம் தோட்டாவுக்காகவும் ரூகர் செய்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சட்டத்தின் மேற்பகுதியை அலுமினியத்துக்குப் பதில் எஃகில் செய்திருக்கிறார்கள், எடை 17.1 அவுன்சு, 485 கிராம். கைப்பிடியும் விசையும் வடிவமும் மற்றதோடு ஒத்தவை. .357 மேக்னத்துக்கான ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பது பலருக்கும் தெரிந்ததே. அதில் நான் .357 தோட்டாவை ஏற்றுவதே இல்லை. அந்த நூறு கிராம் எஃகுக்காக மட்டுமே அதை வாங்கினேன். அதே .38 தோட்டாவின் உதை இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, இடுப்புவாரில் எடையின் வேறுபாடு தெரியவே இல்லை. ஐம்பது தோட்டாவுக்குப் பிறகும் கை சிவக்கவில்லை. கடைசிப் பத்தில் எட்டு அட்டையில் பட்டன. கடையில் இதைக் கேட்டபோது, மேக்னம் பெண்களுக்கு ஒத்துவராது என்று மீண்டும் ஒருவர் எடுத்துச் சொன்னார். சுடப்போவது .38தான் என்று நான் விளக்கியதும் சற்று நேரம் யோசித்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுத்துவைக்க வேண்டும் என்றார்.

உண்மையில் .357 மேக்னத்தை இந்தக் குட்டைக் குழலில் ஒரே ஒருமுறை சுட்டுப் பார்த்திருக்கிறேன். 1935இல் நீண்ட குழல் ரிவால்வருக்காகப் பிறந்த தோட்டா அது. இரண்டு அங்குலக் குழலுக்குள் வெடிமருந்தின் ஆற்றலில் ஒரு பகுதி குண்டின் வேகமாக மாறுவதற்கு முன்பே வெளியே வந்து, காற்றில் தீப்பந்தாக எரிகிறது. காதுக்கவசத்தின் மேலும் காது அடைத்தது. இன்னொரு சிறு தொல்லையும் உண்டு: .38இன் கூடு .357இன் கூட்டைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் குட்டையானது, ஆகவே.38ஐத் தொடர்ந்து சுட்டால் அறையின் உள்ளே ஒரு கரிவளையம் படியும், அதைத் துடைக்காமல்.357ஐ ஏற்றினால் கூடுகள் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும்.

எந்த .38 என்று கேட்பவர்களுக்கு: பழகுவதற்கு 148 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ‘வாட்கட்டர்’. குண்டின் முகம் தட்டையாக, தாளில் துளையிடும் கருவி குத்தியதுபோல் வட்டமான ஓட்டை போடும். உதை மிகக் குறைவு. எடுத்துச் செல்வதற்கு, குட்டைக் குழலுக்கென்றே செய்யப்பட்ட ஸ்பீர் நிறுவனத்தின் ‘கோல்ட் டாட்’ 135 கிரெயின் நல்ல தேர்வு. அதன் உதை தாங்கவில்லை என்றால், எடுத்துச் செல்வதற்கும் வாட்கட்டரையே வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அட்டையில் படும் மென்மையான தோட்டா, சுவரில் படும் வலிமையான தோட்டாவைவிட மேல் என்பதைக் கணக்குப் புத்தகமே எனக்குச் சொன்னது. .32 எச் அண்ட் ஆர் மேக்னம் என்ற தோட்டா 1984இல் வந்து, மறக்கப்பட்டு, இப்போது மேலே சொன்ன ‘அல்டிமேட் கேரி’ வரிசையால் மறுபடி பேசப்படுகிறது. அதே அளவுத் துப்பாக்கியில் ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா, உதையும் கணிசமாகக் குறைவு. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இதுவே சிறந்த தீர்வாக இருக்கக்கூடும். ஆனால் எங்கள் பகுதிக் கடைகளில் பத்து முறை கேட்டால் ஒருமுறைதான் தோட்டா கிடைக்கிறது.

பொதுப் பயன்பாடு என்று வரும்போது குட்டைக் குழல் போதாது. வீட்டில் வைத்திருக்கவும், வார இறுதியில் ஹில் கண்ட்ரி பக்கம் நண்பரின் நிலத்துக்குப் போகும்போது கூட எடுத்துச் செல்லவும், மகளின் அத்தைக்குச் சுடக் கற்றுக்கொடுக்கவும் நான் வைத்திருப்பது ரூகர் எஸ்பி101, மூன்று அங்குலக் குழல். முழுவதும் துருப்பிடிக்காத எஃகு, 27 அவுன்சு. எண்பதுகளின் இறுதியில் வந்த வடிவம், கோடரிபோல் உறுதியானது. இதில் .38 சுடும்போது உதை என்று ஒன்று இருக்கிறதா என்றே தோன்றும். பாம்புக்காகச் சிறு ஈயக்குண்டுகள் அடைத்த தோட்டாவும் .38இல் கிடைக்கிறது, அதை முதல் இரண்டு அறையில் ஏற்றிக்கொண்டு புதர்ப் பாதையில் நடக்கலாம். ஆறு தோட்டா வேண்டும் என்பவர்கள் 2016இல் வந்த கிம்பர் கே6எஸ்ஸையும், 2017இல் கோல்ட் மறுபிறவி கொடுத்த கோப்ராவையும் பார்க்கலாம். இரண்டும் 23, 25 அவுன்சு அளவில் நிற்பவை. கிம்பரின் விசை நான் இழுத்தவற்றிலேயே நேர்த்தியானது. விலைதான் எனக்குத் தடை.

எடுத்துச் செல்லும் விதத்தைப் பற்றி அமெரிக்கர்கள் எழுதுபவை எல்லாம் ஜீன்ஸையும் சட்டையையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. சல்வாரின் நாடா எந்த உறையையும் தாங்காது. அரை மணி நேரத்தில் துப்பாக்கி தொடைக்கு இறங்கிவிடும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையை ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் அணிந்து பார்த்தேன், வேர்க்குருதான் மிச்சம். கடைசியில் கண்டுபிடித்தது இது: ஜீன்ஸ், ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பான தோல்வார், வலது இடுப்பில் உட்புறமாகச் செருகும் உறை, அதன்மேல் நீளமான குர்தா. குர்தாவின் பக்கவாட்டுப் பிளவு இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடங்குவதால், துணியைத் தூக்காமல் கையை உள்ளே விட்டே துப்பாக்கியைப் பற்ற முடிகிறது. வண்டியில் உட்காரும்போது பிளவு விரிந்து கைப்பிடி தெரிகிறதா என்று கண்ணாடி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். என் இரண்டு குர்தாக்களில் பிளவைத் தையல்காரரிடம் கொடுத்து ஓர் அங்குலம் இறக்கித் தைத்தேன். சேலை கட்டும் நாளிலும், விழுந்து கும்பிடும் கோயிலுக்குப் போகும் நாளிலும் துப்பாக்கி வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். மேல்சட்டைப் பையில் வைப்பதானால் அதற்கென உள்ள பை உறை வேண்டும், அந்தப் பையில் சாவியோ சில்லறையோ வேறு எதுவும் கூடாது. கைப்பையில் வைக்காதீர்கள். பையைப் பறிப்பவனுக்குத் துப்பாக்கியும் சேர்ந்து போகும். கல்யாண வீட்டில் நாற்காலியில் வைத்துவிட்டுப் போன பையைக் குழந்தைதான் முதலில் திறக்கும்.

சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாத நிலையில், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பர்கள் அழைத்தார்கள் என்று சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதில் அடங்கும். கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் இந்தத் தேடலையே தொடங்கினேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் நான் உரிமம் எடுத்தேன். உரிமத் தேர்வில் மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரங்களில் ஐம்பது தோட்டா சுட்டு, 250க்கு 175 மதிப்பெண் பெற வேண்டும். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சித் தடையிலிருந்து மாநில உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. எங்கள் கடையிலிருந்து பார்த்தால் பள்ளியின் கொடிமரம் தெரியும். வேறு பல மாநிலங்களும் அந்த உரிமத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஊரில் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து உரிமம் வாங்கி, ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வரும் என் பெரியப்பாவுக்கு இதை விளக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

பராமரிப்பு எளிது, ஓர் இடத்தைத் தவிர. சிலிண்டரின் பின்னால், கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு இருக்கிறது. அதன் அடியில் எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று சிக்கினாலும் தகடு சரியாக அமராது, சிலிண்டர் இறுகிவிடும். குழலை மேல்நோக்கி நேராகப் பிடித்து, தள்ளுகோலை ஒரே அடியாக உள்ளங்கையால் அடித்தால் கூடுகளும் துணுக்குகளும் சேர்ந்து கீழே விழும். குழலைச் சாய்த்துப் பிடித்து மெல்ல அமுக்கினால் துணுக்கு தகட்டுக்கடியில்தான் போய்ச் சேரும். குட்டைக் குழல் ரிவால்வரில் தள்ளுகோலும் குட்டை என்பதால், மெல்ல அமுக்குபவருக்குக் கூடுகளும் முழுவதுமாக வெளியே வருவதில்லை. பழைய பல்துலக்கி ஒன்றைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பிஸ்டல் பழகிய கைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிக்காதீர்கள், சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு விரலைக் காயப்படுத்தும்.

மகளுக்கு ஒன்பது வயது. சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது பதினேழு வயதுக்குக் குறைந்தவர் கைக்குக் கிடைத்துவிட்டால், டெக்சஸில் அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் இதே ஏற்பாடுதான் இருக்கும்: இடுப்பில் இல்லாத நேரத்தில் இரண்டு ரிவால்வரும் எண்பூட்டுப் பெட்டியில், பெட்டி சுவரோடு திருகி வைக்கப்பட்டிருக்கும்.

சென்ற மாதம் கிரீன் கார்டு கையில் கிடைத்த தோழி ஒருத்தி, தனக்கும் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று வந்தாள். கடைக்கு முன் சுடுதளத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் எஸ்பி101இல் வாட்கட்டரைப் போட்டுக் கொடுத்தேன். பதினைந்து சுட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு என் எல்.சி.ஆர்.; உதடு சற்று இறுகியது, ஆனால் இருபதும் சுட்டாள், பாதிக்கு மேல் அட்டையில். கடைசியாக, வாடகைக்கு எடுத்திருந்த 12 அவுன்சு ரிவால்வரைக் கொடுத்தேன். இரண்டு தோட்டாவுக்குப் பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டைவிரலின் அடிப்பகுதியைத் தேய்த்துக்கொண்டே, “அக்கா, இது கடிக்குது” என்றாள். சிலிண்டரில் இன்னும் மூன்று தோட்டா இருந்தன. அவற்றை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அவள் மீண்டும் எல்.சி.ஆரைக் கேட்டாள்.